அம்மாவோட ஏஎஃப்க்கு (இதயம் தாறுமாறா துடிக்கற கோளாறு) வாங்குன ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை: 3 வார அனுபவம், 2 ஸ்டார்

முதல்லயே சொல்லிடறேன், உங்க வீட்ல யாராவது ரத்தம் உறையாம இருக்க அசிட்ரோமோ வார்ஃபரினோ சாப்பிடறாங்கன்னா இந்த மாதிரி மாத்திரைய டாக்டர்கிட்ட காட்டாம வாங்கிடாதீங்க. நேரம் இல்லாதவங்க இத மட்டும் படிச்சா போதும். நேரம் இருக்கறவங்க மீதியும் படிங்க, ஏன்னா நான் வாங்கறதுக்கு முன்னாடி இப்படி ஒரு ரிவ்யூ தேடுனேன், தமிழ்ல ஒன்னு கூட கிடைக்கல.

கம்பெனி பேர் போடல. இதே கலவையில பத்து பதினஞ்சு பேர்ல விக்கறாங்க, நான் ஒரு பேர சொன்னா மத்ததெல்லாம் நல்லதுன்னு ஆயிடும். பின்னாடி லேபிள்ல என்ன இருந்துச்சுன்னு சொல்றேன், நீங்க வாங்கறதுல அது இருக்கான்னு பாத்துக்கங்க. ரெண்டு மாத்திரையில வைட்டமின் ஈ 400 ஐயூ, வைட்டமின் சி 500 மில்லிகிராம், ஒமேகா 3 மீன் எண்ணெய் 2 கிராம், மஞ்சள்ல இருக்கற கர்க்குமின் 500 மில்லிகிராம், அது நல்லா உடம்புல ஏறணும்னு மிளகுல இருந்து எடுக்கற பைப்பரின் கொஞ்சம், திராட்சை விதை சாறு. 60 மாத்திரை டப்பா 1,450 ரூபாய், மூணா வாங்குனா 3,900. நான் மூணா வாங்கிட்டேன்.

யாருக்குன்னா எங்க அம்மாவுக்கு, வயசு 62, கும்பகோணத்துல இருக்காங்க. சின்ன வயசுல தொண்டை வலி வந்து அப்பறம் மூட்டு மூட்டா வீங்கி காய்ச்சலா கிடந்திருக்காங்க, அப்ப அது இதய வால்வ கெடுக்கற ருமாட்டிக் காய்ச்சல்னு யாரும் சொல்லல, அம்பது வயசுக்கு மேல எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தப்பதான் மைட்ரல் வால்வு, அதாவது இதயத்துல எடது மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவுல இருக்கற கதவு, சுருங்கி இருக்கறது தெரிஞ்சுது. அந்த வால்வு நல்லா தொறந்தா 4ல இருந்து 6 சதுர சென்டிமீட்டர் இருக்கணுமாம், அம்மாவுக்கு 1.4 தான். ரத்தம் கீழ எறங்க வழி இல்லாம மேல் அறையில தேங்கித் தேங்கி அந்த அறை பெருசாகி, நாலு வருஷத்துக்கு முன்னாடி ஏஎஃப் வந்துடுச்சு, அதாவது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். மேல் அறை ஒழுங்கா சுருங்கறத விட்டுட்டு நிமிஷத்துக்கு 350, 400, சில பேருக்கு 600 தடவ வரைக்கும் கூட கரண்ட் ஓடி சும்மா நடுங்கிட்டே இருக்கும். அம்மா மணிக்கட்டுல விரல வச்சு பாத்தா நல்லாவே தெரியும், பலமா ஒன்னு வரும், உடனே வேகமா ரெண்டு, அப்பறம் ஒன்னுமே இல்லாம ஒரு இடைவெளி, அந்த இடைவெளியில என் மூச்சும் நின்னுடும், அப்பறம் திரும்ப ஒன்னு வரும். நடுங்கற அறையில ரத்தம் தேங்கி கட்டியாகி மூளைக்கு போயிட்டா பக்கவாதம். அதுக்குத்தான் அசிட்ரோம். மாசம் ஒருக்கா பிடி ஐஎன்ஆர் டெஸ்ட் (ரத்தம் உறைய எவ்ளோ நேரம் எடுக்குதுன்னு பாக்கறது, நம்பர் ஏறுனா ரத்தம் கசியற ஆபத்து), 2க்கும் 3க்கும் நடுவுல இருக்கணும், அம்மாவுக்கு ஒன்றரை வருஷமா 2.3, 2.5, 2.6ன்னு கோடு போட்ட மாதிரி இருந்துச்சு.

இப்ப புதுசா வர்ற ரத்தம் இளக்கற மாத்திரைக்கு மாத்திடலாமே, இந்த டெஸ்ட் தொல்லையே இல்லன்னு நிறைய பேர் சொல்வாங்க. ருமாட்டிக்ல வால்வு சுருங்குனவங்களுக்கு அது சரிப்படாது. 2022ல இன்விக்டஸ்னு ஒரு பெரிய ட்ரையல் வந்துச்சு, இந்தியாவுல இருந்தும் நோயாளிங்க அதுல இருந்தாங்க, ரிவரோக்ஸபான்ங்கற புது மாத்திரை எடுத்தவங்கள விட பழைய வார்ஃபரின் வகை மருந்து எடுத்தவங்கள்ல இறப்பு கம்மியா இருந்துச்சு. அதனால எங்களுக்கு அசிட்ரோம்தான், டெஸ்ட்தான், வேற வழி இல்ல. இந்த விஷயத்தோடதான் மாத்திரை கதையும் முட்டிக்கிச்சு.

சரி ஏன் வாங்குனேன்? அவங்க வெப்சைட்ல எழுதியிருந்தது பொய் மாதிரியே இல்ல. "ஏஎஃப்க்கு அடிப்படை ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்"னு படம் போட்டு வெளக்கியிருந்தாங்க. ராத்திரி உக்காந்து தேடிப் பாத்தேன், நிஜமாவே அந்த அறிவியல் இருக்கு, அத நான் மறுக்கல. நடுங்கற மேல் அறையில நாக்ஸ்னு ஒரு என்சைமும், செல்லுக்குள்ள இருக்கற மைட்டோகாண்ட்ரியாவும் அளவுக்கு மீறி ஃப்ரீ ராடிக்கல் (செல்ல அரிக்கற மூலக்கூறு, இது மிஞ்சிப் போறதுதான் ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ், இத அடக்கறதுதான் ஆன்டிஆக்ஸிடன்ட்) கக்குது. அது போயி செல்லுக்குள்ள கால்சியத்த பூட்டி வச்சிருக்கற கதவ கெடுத்துடுது, கால்சியம் நேரங்கெட்ட நேரத்துல கசியுது, கசிஞ்சா தானா ஒரு துடிப்பு கெளம்பிடுது. நாளாக நாளாக தசைக்கு நடுவுல நார் மாதிரி படிஞ்சு கரண்ட் நேரா போக முடியாம சுத்திச் சுத்தி வர ஆரம்பிக்குது. நெதர்லாந்துல மாஸ்ட்ரிக்ட்ல 1995ல ஆடுகள வச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க, ஏஎஃப்ப செயற்கையா வர வச்சா முதல்ல கொஞ்ச நேரத்துல நின்னுடுமாம், திரும்பத் திரும்ப பண்ணப் பண்ண அது நிக்காம தானா ஓட ஆரம்பிச்சிடுச்சாம். ஏஎஃப் தனக்குத் தானே வழி போட்டுக்குதுன்னு அர்த்தம். அத படிச்சப்ப எனக்கு அம்மா ஞாபகம்தான், இந்த ஃப்ரீ ராடிக்கல மட்டும் நிறுத்திட்டா அம்மாவுக்கு அந்த வழி அடைபட்டுடும்ல அப்படின்னு ஒரு ஆசை வந்துடுச்சு. அந்த ஆசையிலதான் ஆர்டர் போட்டேன்.

பேக்கிங் நல்லா இருந்துச்சு, எக்ஸ்பைரி ஒன்றரை வருஷம் தள்ளி இருந்துச்சு, மூணாவது நாள் வந்துடுச்சு. மாத்திரை பெருசு, சப்போட்டா கொட்டை நீளம் இருக்கும், அம்மாவுக்கு முழுங்க கஷ்டமா இருந்துச்சு. சாப்ட்டு ஒரு மணி நேரத்துல மீன் வாடையோட ஏப்பம். அம்மா அத கூட பெருசா எடுத்துக்கல, "நீ காசு போட்டு வாங்கிருக்கல்லடீ, சாப்புடறேன்"னு காலையில ஒன்னு ராத்திரி ஒன்னு சாப்ட்டாங்க. முதல் பத்து நாள்ல படபடப்பு கொறஞ்ச மாதிரி இருக்குன்னு கூட சொன்னாங்க. எனக்கு அவ்ளோ சந்தோஷம்.

பதினெட்டாவது நாளோ பத்தொம்பதாவது நாளோ, காலையில அம்மா பல்லு வெளக்கிட்டு துப்பறப்ப வாஷ்பேசின்ல நுரை ரோஸ் கலர்ல இருந்துச்சு. புது பிரஷ்தான் குத்திடுச்சு போலன்னு சொன்னாங்க. அன்னிக்கு சாயங்காலம் அவங்க எடது முழங்கைக்கு உள்பக்கம் பாத்தேன், காய்கறிப் பை மாட்டுன எடத்துல பட்டையா நீலம் பாஞ்சு கெடக்கு, ஓரம் பச்சையும் மஞ்சளுமா. வலிக்குதாம்மான்னு கேட்டா இல்லங்கறாங்க. மறுநாளே லேபுக்கு கூட்டிட்டு போனேன், டெஸ்ட்டுக்கு இன்னும் பதினோரு நாள் இருந்துச்சு. ஐஎன்ஆர் 4.3.

டாக்டர் அம்மாகிட்ட கேட்ட முதல் கேள்வி, "புதுசா ஏதாவது மாத்திரை ஆரம்பிச்சீங்களாம்மா? ஆன்டிபயாடிக், வலி மாத்திரை, நாட்டு மருந்து, எதாவது?" அம்மா யோசிக்காம "இல்லீங்க டாக்டர்"னுட்டாங்க. பொய் சொல்லல அவங்க. அவங்க கணக்குல அது மாத்திரை இல்ல, சத்து. டப்பாலயே அப்படித்தான் போட்டிருக்கு, ஹெல்த் சப்ளிமென்ட்னு. நான்தான் "டாக்டர், ஒரு ஆன்டிஆக்ஸிடன்ட் குடுக்கறேன்"னு பையில இருந்து டப்பாவ எடுத்து வச்சேன். அவர் கண்ணாடிய நெத்திக்கு ஏத்திட்டு லேபிள கண்ணுக்கிட்ட கொண்டு போய் படிச்சாரு, கர்க்குமின், பைப்பரின், வைட்டமின் ஈ, ஒமேகா 3ன்னு ஒவ்வொன்னுலயும் பேனாவால ஒரு புள்ளி வச்சுட்டே வந்தாரு. நாலு புள்ளி. அப்பறம் சொன்னாரு, "இதுதான் காரணம்னு அடிச்சு சொல்ல முடியாதும்மா, ஆனா வேற எதுவும் மாறலைன்னா இத நிறுத்திட்டு பாப்போம். இதுல பாதிக்கு மேல ரத்தம் கசியற பக்கமா தள்ளற சாமான்தான்." அன்னிக்கு ஒரு வேள அசிட்ரோம் நிறுத்தி, மூணு நாள்ல திரும்ப டெஸ்ட் எடுக்கச் சொன்னாரு. (இது எங்க அம்மாவுக்கு அவர் சொன்னது, நீங்களா அசிட்ரோம நிறுத்தவோ கொறைக்கவோ செய்யாதீங்க, அதுல கட்டி உருவாகற ஆபத்து இருக்கு.)

கர்க்குமின்னா மஞ்சள்தானே, தெனமும் கொழம்புல போடறோமே அப்படின்னு எனக்கும் தோணுச்சு, அங்கயே கேட்டேன். கொழம்பு மஞ்சள பத்தி கவலப்பட வேண்டாம்னாரு. வீட்டுக்கு வந்து கணக்கு போட்டுப் பாத்தேன். மஞ்சள்தூள்ல கர்க்குமின் சுமார் 3 சதவீதம்தான். 500 மில்லிகிராம் கர்க்குமின் வேணும்னா 15 கிராமுக்கு மேல மஞ்சள்தூள் ஒரே நாள்ல சாப்புடணும், எந்த வீட்டுலயும் ஒரு ஆள் அப்படி சாப்புடறதில்ல. அதுக்கு மேல பைப்பரின் வேற சேத்து, கல்லீரல் அத ஒடைச்சு வெளிய தள்ளற வேகத்தையும் கொறச்சு வைக்கறாங்க. மத்த மருந்துக்கும் அதே கதி ஆகலாம். நியூசிலாந்துல மருந்துகள கண்காணிக்கற மெட்சேஃப் 2018ல ஒரு எச்சரிக்க விட்டிருக்காங்க, வார்ஃபரின்ல நல்லா நிலையா இருந்த ஒருத்தர் மஞ்சள் கலந்த ஒரு சப்ளிமென்ட் ஆரம்பிச்சு சில வாரத்துல ஐஎன்ஆர் 10க்கு மேல போயிடுச்சாம். 10! அம்மாவுக்கு 4.3ல நின்னதுக்கு நான் சாமிக்கு வெளக்கேத்துனேன்.

சரி, ஐஎன்ஆர் பிரச்சனை இல்லாதவங்களுக்காவது இது வேல செய்யுமான்னு கேட்டா, அதுக்கும் அப்பறம் உக்காந்து ஒவ்வொன்னா பாத்தேன். வெப்சைட்ல "வைட்டமின் சி ஏஎஃப்ப பாதிக்கு மேல கொறைக்குது"னு போட்டிருந்தாங்க. அந்த ஆராய்ச்சி நிஜம், அமெரிக்காவுல 2001ல வந்தது, வைட்டமின் சி எடுத்தவங்கள்ல 16.3 சதவீதம் பேருக்கு, எடுக்காதவங்கள்ல 34.9 சதவீதம் பேருக்கு ஏஎஃப் வந்துச்சு. ஆனா யாருக்கு? இதய பைபாஸ் ஆபரேஷன் பண்ணிக்கிட்ட 43 பேருக்கு. முந்தின நாள் ராத்திரி 2 கிராம், அப்பறம் அஞ்சே அஞ்சு நாள் குடுத்திருக்காங்க. சீட்டு குலுக்கிப் போட்ட மாதிரி பிரிச்சதும் இல்ல, ஒத்த வயசு ஒத்த நெலமையில இருந்த ஆளுங்களோட ஒப்பிட்டிருக்காங்க. ஆபரேஷனுக்கு அப்பறம் வர்ற ஏஎஃப் வேற, நாலு வருஷமா வால்வு சுருங்கி மேல் அறை பெருத்துப் போயி வர்ற ஏஎஃப் வேற. அதுக்கு அப்பறம் நெறைய ட்ரையல் வந்துச்சு, எல்லாத்தையும் 2017ல சேத்துப் பாத்தாங்க, அமெரிக்காவுக்கு வெளிய நடந்ததுல ஆபரேஷனுக்கு அப்பறம் ஏஎஃப் கொறஞ்சிருக்கு, அமெரிக்காவுல நடந்ததுல ஒரு பலனும் தெரியல. அதாவது ஆபரேஷன் ஆளுங்களுக்கே விஷயம் தெளிவா இல்ல. துருக்கியில 2008ல "என்-அசிட்டைல் சிஸ்டைன்"னு ஒரு ஆன்டிஆக்ஸிடன்ட் மருந்த 115 பேருக்கு பாத்தாங்க, அதுல ஏஎஃப் 21 சதவீதத்துல இருந்து 5 சதவீதமா கொறஞ்சுது, நல்ல ரிசல்ட்தான், அதுவும் ஆபரேஷன் சமயத்துல மட்டும்தான். இதெல்லாம் வீட்ல உக்காந்து மாசக்கணக்கா சாப்புட சொன்ன ஆராய்ச்சியே இல்ல.

வைட்டமின் ஈ பத்தி இன்னும் பெரிய ட்ரையல் இருக்கு, ஹோப்னு பேரு, இதே 400 ஐயூ, 9,500 பேருக்கு மேல, நாலரை வருஷம். 2000ல ரிசல்ட் வந்துச்சு, இதயத்துக்கு ஒரு நன்மையும் இல்ல. அதையே நீட்டிச்சு 2005ல வெளியிட்டப்ப இதயம் பலவீனமாகறது வைட்டமின் ஈ எடுத்தவங்கள்ல கொஞ்சம் கூடவே இருந்துச்சு.

எனக்கு ரொம்ப ஆத்திரம் வந்தது மீன் எண்ணெய் விஷயத்துலதான். 2012ல ஓபரான்னு 1,516 பேருக்கு ஆபரேஷன் சமயத்துல மீன் எண்ணெய் குடுத்துப் பாத்தாங்க, குடுத்தவங்களுக்கும் குடுக்காதவங்களுக்கும் வித்தியாசமே இல்ல, ஏஎஃப் வந்தது 30 சதவீதம், 30.7 சதவீதம். சரி, பலன் இல்லன்னா பரவால்ல. 2019ல ரெட்யூஸ் இட்னு ட்ரையல், ஒரு நாளைக்கு 4 கிராம், ஏஎஃப்க்கு ஆஸ்பத்திரியில சேர்றது 2.1 சதவீதத்துல இருந்து 3.1 ஆயிடுச்சு. அடுத்த வருஷம் ஸ்ட்ரெங்த் ட்ரையல், அதுலயும் 1.3ல இருந்து 2.2. 2021ல ஏழு ட்ரையல், 81,000 பேருக்கு மேல ஒன்னா சேத்துப் பாத்தாங்க, ஒமேகா 3 எடுத்தவங்களுக்கு ஏஎஃப் வர்ற வாய்ப்பு 25 சதவீதம் கூட, ஒரு நாளைக்கு 1 கிராமுக்கு மேல எடுத்தா 49 சதவீதம் கூட. எங்க டப்பாவுல 2 கிராம். ஏஎஃப்க்குன்னு சொல்லி விக்கற டப்பாவுக்குள்ள ஏஎஃப்ப கூட்டற அளவுக்கு மீன் எண்ணெய். இத அவங்க படிக்காம இருந்திருக்க முடியாது, மத்த ஆராய்ச்சி எல்லாம் தேடி எடுத்துப் போட்டவங்க இத மட்டும் எப்படி விட்டாங்க?

ஃப்ரீ ராடிக்கல்தான் பிரச்சனைன்னா ஆன்டிஆக்ஸிடன்ட் ஏன் வேல செய்யலன்னு எனக்கு ரெண்டு நாளா மண்டைய கொடஞ்சுது. எனக்குப் புரிஞ்சது இதுதான். அந்த ராடிக்கல் பொறந்த எடத்துலயே கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள பக்கத்துல இருக்கற நைட்ரிக் ஆக்சைடோட ஒட்டி இன்னொரு விஷமா மாறிடுது, அந்த வேகத்துக்கு நம்ம முழுங்கற வைட்டமின் கிட்ட கூட வர முடியாது. உடம்புக்கு கொஞ்சம் ராடிக்கல் தேவையும் படுது, செல்லுங்க ஒன்னுக்கொன்னு சேதி சொல்லிக்க அதத்தான் பயன்படுத்துதாம். அதுக்கு மேல, வால்வு சுருங்கி பின்னாடி அழுத்தம் இருக்கற வரைக்கும் மேல் அறை விரிஞ்சுக்கிட்டேதான் இருக்கும், ராடிக்கல் பொறந்துக்கிட்டேதான் இருக்கும். கொழாய மூடாம தரைய தொடச்ச மாதிரி. அம்மாவுக்கு அந்த கொழாய் மைட்ரல் வால்வு, தேவப்பட்டா பலூன் வச்சு விரிக்கலாம்னு டாக்டர் ஏற்கனவே சொல்லியிருக்காரு, அடுத்த எக்கோ பாத்து முடிவு பண்ணுவோம்.

வால்வு கோளாறு இல்லாத ஏஎஃப் ஆளுங்களுக்கு அந்த கொழாய் வேற எடத்துல இருக்கு. எடை, ரத்தக் கொதிப்பு, ராத்திரி கொறட்டையோட மூச்சு நிக்கறது, குடி. ஆஸ்திரேலியாவுல அடிலெய்ட்ல 2015ல பாத்தாங்க, எடையில 10 சதவீதமோ அதுக்கு மேலயோ கொறச்சவங்களுக்கு ஏஎஃப் இல்லாம இருக்கற வாய்ப்பு ஆறு மடங்கு. அதே நாட்டுல 2020ல குடிய நிறுத்துனவங்களுக்கு ஏஎஃப் திரும்ப வந்தது 53 சதவீதம், தொடர்ந்து குடிச்சவங்களுக்கு 73. எங்க மாமாவுக்கும் ஏஎஃப் உண்டு, அவருக்கு இந்த ரெண்டு கணக்கையும் போன்ல படிச்சே காட்டுனேன், கொஞ்ச நேரம் பேசவே இல்ல, அப்பறம் "சரிம்மா"ன்னாரு. 1,450 ரூபாய் மாத்திரைய விட அது அவருக்கு உதவும்னு நம்பறேன்.

லேபிள்ல இன்னும் ரெண்டு விஷயம். "ஓராக் மதிப்பு அதிகம்"னு பெருசா போட்டிருந்தாங்க, அது ஆன்டிஆக்ஸிடன்ட் பலத்த டெஸ்ட் ட்யூப்ல அளக்கற கணக்கு, உடம்புக்குள்ள நடக்கறதுக்கும் அதுக்கும் சம்பந்தம் நிரூபிக்கலன்னு அமெரிக்க வேளாண் துறையே 2012ல அவங்க வச்சிருந்த ஓராக் பட்டியல வெப்சைட்ல இருந்து தூக்கிடுச்சு. இன்னொன்னு, டப்பா அடிப்பக்கம் எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ்) நம்பருக்கு கீழ, எறும்பு சைஸ் எழுத்துல, "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல"ன்னு இங்கிலீஷ்ல இருக்கு. சட்டப்படி போட்டே ஆகணும், போட்டிருக்காங்க. ஆனா முன்பக்கம் இதயப் படமும் ஈசிஜி கோடும் இருக்கு. எங்க அம்மா மாதிரி தமிழ் மட்டும் படிக்கறவங்களுக்கு முன்பக்கத்து படம்தான் புரியும். ரத்தம் இளக்கற மருந்து சாப்பிடறவங்க டாக்டர கேளுங்கன்னு ஒரு வரி எங்கயுமே இல்ல, டப்பாவ மூணு தடவ சுத்திச் சுத்தி தேடிட்டேன்.

கஸ்டமர் கேர்ல பேசுனேன், அந்தப் பொண்ணு மரியாதையாத்தான் பேசுச்சு, "மேடம் நம்ம ப்ராடக்ட் இயற்கையானது, சைடு எஃபெக்ட் வராது"ன்னு சொல்லிட்டே இருந்துச்சு, பாவம் அதுக்கு எழுதிக் குடுத்தத சொல்லுது. ஐஎன்ஆர் ரிப்போர்ட் ரெண்டையும் மெயில்ல அனுப்புனதுக்கு அப்பறம் பிரிக்காத ரெண்டு டப்பாவுக்கு பணம் திருப்பி போட்டுட்டாங்க, ஆறு நாள் ஆச்சு. ரெண்டு ஸ்டார் குடுத்தது அதுக்கும், சொன்ன நாள்ல வந்ததுக்கும்தான். லேபிள்ல தமிழ்ல எச்சரிக்க போடுங்கன்னு கேட்டு எழுதியிருக்கேன், அதுக்கு பதில் வரல.

அசிட்ரோம் சாப்பிடறவங்களுக்கு எங்க மருந்துக்கட அண்ணன் சொன்ன ஒன்ன சேத்துக்கறேன். கீரைய பயந்துட்டு அடியோட நிறுத்தாதீங்க, வாரத்துல இத்தன நாள்னு ஒரே அளவா சாப்புடுங்க, ஒரு வாரம் முருங்கக்கீரையா தின்னுட்டு அடுத்த வாரம் விட்டாத்தான் ஐஎன்ஆர் ஆடும். அம்மா இப்ப செவ்வாயும் வெள்ளியும் கீரை வைக்கறாங்க. காலண்டர் தாள்ல அசிட்ரோம் போட்டதும் டிக் அடிக்கறாங்க, அதுக்குப் பக்கத்துலயே நான் ஒரு கட்டம் போட்டுட்டேன், "புதுசா சாப்ட்டது"ன்னு, அதுல லேகியமா இருந்தாலும் சத்து மாவா இருந்தாலும் எழுதணும். போன வாரம் எழுதியிருந்தது "பக்கத்து வீட்டு மாமி குடுத்த சுக்கு மல்லி காப்பி".

மாத்திரைய நிறுத்தி மூணாவது நாள் 3.4, ரெண்டு வாரத்துல 2.6. அன்னிக்கு நிறுத்துன அந்த ஒரு வேளைய தவிர அசிட்ரோம் அளவு பழைய அளவேதான், வேற எதையும் மாத்தல. பல்லு வெளக்கறப்ப ரத்தம் நின்னுடுச்சு, கை நீலம் முழுசா மறைய பதினஞ்சு நாள் ஆச்சு. அடுத்த டெஸ்ட் வர்ற வெள்ளிக்கெழம, ரிசல்ட் வந்ததும் இங்கயே கீழ சேத்துடறேன். பிரிச்ச டப்பாவுல இருபத்திரெண்டு மாத்திரை மிச்சம் இருக்கு, தூக்கிப் போடல, யாராவது வீட்டுக்கு வந்து "நானும் இதான் வாங்கலாம்னு இருக்கேன்"னா டாக்டர் வச்ச அந்த நாலு புள்ளிய காட்டறதுக்கு வச்சிருக்கேன்.